‘டைனி பேபி’ சைஸ்

பனியன் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தா கூடவே சைஸ் சார்ட்டும் வரும். குழந்தைங்க உடுப்புன்னா 3–6 மாசம், 0–3 மாசம்னு இறங்கிட்டே வந்து ‘நியூபார்ன்’ல நிக்கும். சில இங்கிலாந்து பையர்களோட சார்ட்ல மட்டும் அதுக்கும் கீழ இன்னொரு வரி இருக்கும்: ‘டைனி பேபி’. எங்க அக்கா செக்கிங்ல இருக்கா. அந்த சைஸ் ராம்பர் எத்தனையோ அவ கையைத் தாண்டிப் பெட்டிக்குப் போயிருக்கு. இவ்வளவு சின்னதா யாருக்குத் தைக்கறாங்கன்னு ஒரு நாள் கேட்டாளாம். பக்கத்து டேபிள்ல இருந்த அக்கா, “பொம்மைக்கா இருக்கும் கண்ணு”ன்னு சொல்லிட்டாங்க. இவளும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தா.

போன வருஷம் 32ஆவது வாரத்துல அவளுக்குப் பனிக்குடம் உடைஞ்சுது. ரெண்டு நாளாவே இடுப்பு வலி இருந்திருக்கு. ஷிப்மென்ட் நேரம், சூட்டு வலிதான்னு நெனச்சு வேலைக்குப் போயிட்டா. குழந்தை பிறந்தப்ப 1,420 கிராம். ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டிலை விடக் கொஞ்சம் கம்மி. அந்த சைஸ் யாருக்குன்னு அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுது.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. ட்ரிபிள்-ஈ மூணாவது வருஷம். 27 நாள் என்.ஐ.சி.யூ. வராண்டாவுல உக்காந்திருந்தப்ப பார்த்தது, கேட்டது, அப்புறம் தேடித் தேடிப் படிச்சது, இதுதான் இந்தக் கட்டுரை. ஆஸ்பத்திரி பேரு எங்கேயும் வராது. நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணே ஒண்ணு: அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ள மெஷினுங்க செய்யறது பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்ய வேண்டியவங்களைத்தான் பல இடங்கள்ல கதவுக்கு வெளியே உக்கார வெச்சிருக்கோம்.

கதவுக்கு உள்ளே

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா குறைமாதக் குழந்தை. 2020-ல உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க இப்படிப் பிறந்தாங்க. அதுல கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் இந்தியாவுல. வேற எந்த நாட்டுலயும் இந்த அளவு இல்ல. அதே வருஷம் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, உயிரோட பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைங்கள்ல முதல் 28 நாளுக்குள்ள இறந்தவங்க இந்திய அளவுல 20 பேர், தமிழ்நாட்டுல 9 பேர். நம்ம நிலைமை தேவலைன்னு சொல்லிக்கலாம். அந்த 9-ல ஒண்ணா இருக்கப் போகுதோன்னு வராண்டாவுல உக்காந்திருக்கறவங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியாது.

அரசு ஏற்பாடு படிப்படியா இருக்கு. பிரசவம் நடக்கற ஒவ்வொரு இடத்துலயும் வார்மரோட ஒரு மூலை, அதுக்கு மேல குழந்தையோட நிலையைச் சரிப்படுத்தற சின்னப் பிரிவு, மாவட்ட அளவுல எஸ்.என்.சி.யூ.ன்னு சொல்ற சிறப்புப் பிரிவு, மருத்துவக் கல்லூரிகள்ல வென்டிலேட்டரோட தீவிர சிகிச்சைப் பிரிவு. திருப்பூர் மாவட்டமே 2009-லதான் உருவாச்சு. நம்ம அரசு மருத்துவக் கல்லூரியைத் திறந்தது 2022 ஜனவரியில. அதுவரைக்கும் கொஞ்சம் சிக்கல்னா அவிநாசி ரோட்டுல கோயம்புத்தூருக்கு ஓடறதுதான் வழி. பச்சிளம் குழந்தைக்குன்னே இன்குபேட்டர் வெச்ச 108 ஆம்புலன்ஸ் தனியா இருக்குங்கறது எனக்கே அப்பத்தான் தெரியும்.

சரி, உள்ள என்னதான் செய்யறாங்க? முதல் எதிரி குளிர். 37 டிகிரி வெந்நீர் மாதிரியான இடத்துல இருந்து ஏ.சி. போட்ட தியேட்டருக்கு ஈர உடம்போட வந்து விழுது குழந்தை. எடையோட ஒப்பிட்டா அதோட தோல் பரப்பு ரொம்ப அதிகம். ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு இது போதும். தோலும் மெல்லிசு, தண்ணி ஆவியாப் போயிட்டே இருக்கும். உடம்பைச் சூடாக்கிக்கிற கொழுப்பு கடைசி வாரங்கள்லதான் சேரும், அது இதுக்கு இல்ல. குளிர்ந்துட்டா இருக்கற கொஞ்ச சர்க்கரையையும் ஆக்சிஜனையும் சூட்டுக்கே செலவு பண்ணிடும். அதுல இருந்து மூச்சுத் திணறல், சர்க்கரை குறையறதுன்னு சங்கிலி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வரும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை வெறுத்தவங்க யாராச்சும் இருந்தா ஒரு தடவை ரேடியன்ட் வார்மரைப் போய்ப் பாருங்க. மேல ஹீட்டர், குழந்தை வயித்துல ஒட்டின தெர்மிஸ்டர், செட் பாயின்ட் 36.5 டிகிரி. குழந்தையோட தோல்தான் ஃபீட்பேக். புத்தகத்துல வர்ற குளோஸ்டு லூப் அப்படியே கண்ணு முன்னாடி. ஆனா அந்த ப்ரோப் கழன்டு மெத்தையில விழுந்துட்டா? சென்சார் காத்தோட சூட்டைக் காட்டும், குழந்தை குளிர்ந்துடுச்சுன்னு மெஷின் நம்பும், ஹீட்டரை ஏத்திட்டே போகும். அதனாலதான் சிஸ்டர்ஸ் டிஸ்ப்ளேவை நம்பாம, வந்து வந்து குழந்தையோட பாதத்தைத் தொட்டுப் பார்த்துட்டே இருப்பாங்க. எக்ஸாம்ல ‘சென்சார் ஃபெயிலியர்’னு ரெண்டு மார்க் கேள்வியா வர்றதுக்கு அங்க வேற மாதிரி அர்த்தம்.

இந்த வார்மர் பிரச்சினையை மாணவர்களே எடுத்துச் செஞ்ச கதை ஒண்ணு உண்டு. 2007-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஒரு டிசைன் வகுப்பு ப்ராஜெக்ட்டா ‘எம்ப்ரேஸ்’ ஆரம்பிச்சுது. பார்க்க ஒரு குட்டி தூங்கற பை. உள்ள ஒரு மெழுகுப் பொதி. அதைச் சூடாக்கி வெச்சா, உறையறப்போ உடல் சூட்டுக்குப் பக்கத்துலயே பல மணி நேரம் நிக்கும். தெர்மோடைனமிக்ஸ்ல படிச்ச லேட்டன்ட் ஹீட்தான், வேற எதுவும் இல்ல. அந்தக் குழு அப்புறம் பெங்களூருக்கே வந்து வேலை செஞ்சாங்க. துணியும் தையலும் தெரிஞ்ச ஊர்ல இருந்துட்டு இது நமக்குத் தோணலையேன்னு எனக்கு ஒரு சின்ன பொறாமை இன்னும் இருக்கு.

ரெண்டாவது எதிரி மூச்சு. நுரையீரலோட குட்டிக் குட்டி அறைகள் மூச்சு விடறப்போ ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்புப் பொருள் வேணும், பேரு சர்ஃபேக்டன்ட். சோப்பு இல்லாத தண்ணியில குமிழி நிக்குமா? அந்தக் கதைதான். குறைமாசத்துல அது போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால மூக்கு வழியா கொஞ்சம் அழுத்தம் கொடுத்து அறைகளைத் திறந்தே வெச்சிருக்கணும். அதுக்குப் பேரு சி-பாப். இதுல ‘பபிள் சி-பாப்’னு ஒரு ரகம் இருக்கு, அதைப் பார்த்து நான் அசந்துட்டேன். மூச்சு வெளிய போற குழாயோட நுனியைத் தண்ணி பாட்டிலுக்குள்ள 5 சென்டிமீட்டர் ஆழத்துல முக்கி வெச்சிருப்பாங்க. அவ்வளவுதான், குழந்தைக்கு 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் கிடைச்சாச்சு. ப்ரெஷர் கேஜும் அதுதான், சேஃப்டி வால்வும் அதுதான். “மீன் தொட்டி மாதிரி சத்தம் வருது”ன்னு அக்கா சொன்னா. அந்தக் குமிழி நின்னுட்டாத்தான் சிஸ்டர் ஓடி வருவாங்க.

இங்க ஒரு விஷயம் குறிச்சுக்கங்க, உங்க வீட்டுல யாருக்காவது ஒரு நாள் உதவும். குறைமாசத்துல பிரசவம் ஆகிடும்னு தெரிஞ்சா, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. குழந்தையோட நுரையீரல் சீக்கிரம் முதிர அது உதவும்னு 1972-லயே நியூசிலாந்து டாக்டர்கள் ரெண்டு பேர் நிரூபிச்சுட்டாங்க. ஆனா அந்த மருந்து வேலை செய்ய நேரம் வேணும். ஒரு நாளாவது முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகணும். சூட்டு வலின்னு நெனச்சுட்டு ஷிஃப்ட் முடிச்சுட்டுப் போனா அந்த ஒரு நாள் கையை விட்டுப் போயிடும்.

ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானேன்னு நானும் நெனச்சேன். இல்லையாம். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கறப்போ ரத்தத்துல அது 90-ல இருந்து 95 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு பார்ப்பாங்க. குறைஞ்சாலும் அலாரம், கூடினாலும் அலாரம். அதிகமான ஆக்சிஜன் விழித்திரையோட ரத்தக் குழாய்களைக் கெடுத்துடும், பேரு ஆர்.ஓ.பி. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல ஆறு வாரம் முன்னாடியே பிறந்தவர், பார்வை போனது இதனாலதான். கண்டுபிடிக்க வெளியில எந்த அறிகுறியும் தெரியாது. அதனாலதான் டிஸ்சார்ஜ் சீட்டுல ‘30ஆவது நாள் கண் பரிசோதனை’ன்னு எழுதித் தருவாங்க. “கண்ணு நல்லாத்தானே முழிக்குது”ன்னு அந்தத் தேதியை விட்டுடற வீடுங்க நிறைய. விடக்கூடாத தேதி அது.

நீல வெளிச்சம்

எங்களுக்குப் பக்கத்துல ஒடிசாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. என்னை விட ஒரு வயசு ரெண்டு வயசு பெருசா இருக்கலாம். புருஷன் ஒரு டையிங் பட்டறையில வேலை. தமிழ் சுத்தமா தெரியாது, ஹிந்தி அரைகுறை. மூணாவது நாள் உள்ள போய்ட்டு வந்தவ அப்படியே தரையில உக்காந்துட்டா. சத்தமே இல்லாம அழுதா. யாரு கேட்டாலும் கண்ணை மூடற மாதிரி கையால காட்டினா. எங்க அம்மா குழந்தை போயிடுச்சுன்னே முடிவு பண்ணி அவளைக் கட்டிப் பிடிச்சுட்டாங்க.

உள்ள போய்க் கேட்டா, குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. மஞ்சள் காமாலைக்கு நீல லைட்டுக்கு அடியில படுக்க வெச்சிருந்தாங்க. வெளிச்சம் கண்ணுல படக்கூடாதுன்னு துணியில கண்ணைக் கட்டியிருந்தாங்க. அதைத்தான் அவ பார்த்திருக்கா. மாமாவோட கம்பெனி பேக்கிங்ல ஒரு ஒடிசா பையன் இருக்கான். அவனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சோம். அவன் ரெண்டே நிமிஷம் பேசினான். அவ கேட்டுட்டே இருந்தா, அப்புறம் முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுட்டு சிரிச்சா. அந்த ரெண்டு நிமிஷ விளக்கம் மூணு நாளா யாருக்கும் வாய்க்கலை.

அந்த லைட்டோட கதையும் ஒரு சிஸ்டர்ல இருந்துதான் ஆரம்பிக்குது. 1950-கள்ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டுங்கற ஊர் ஆஸ்பத்திரியில, குறைமாதக் குழந்தைங்களை வெயில்ல கொண்டு போய்க் காட்டற பழக்கம் ஜீன் வார்டுங்கற நர்ஸுக்கு இருந்துச்சு. வெயில் பட்ட தோல்ல மஞ்சள் குறைஞ்சு, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாவே இருக்கறதை அவங்க டாக்டருக்குக் காட்டினாங்க. 1958-ல அது லான்செட் இதழ்ல ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு. இன்னைக்கு 460–490 நானோமீட்டர் நீல எல்.இ.டி. அந்த அலைநீளம் பிலிருபினோட அமைப்பை மாத்தி, கல்லீரல் உதவி பெருசா இல்லாமலே வெளிய போற மாதிரி ஆக்கிடுது. அதுக்காக வீட்டு ட்யூப் லைட்டுக்குக் கீழயோ காலை வெயில்லயோ போட்டு வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துடாதீங்க. அளவு அதிகமானா பிலிருபின் மூளைக்கே போயிடும்.

கதவுக்கு வெளியே

முதல் நாலு நாள் எங்க அக்காவுக்குக் கிடைச்சது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். “பாத்துட்டு வந்துடுங்க, தொடாதீங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்.” அவளும் திருடி மாதிரி போய் நின்னுட்டு வருவா. குழந்தை சிஸ்டருக்குச் சொந்தம்ங்கற மாதிரி ஒரு நெனப்பு வந்துடுச்சுன்னு அப்புறம் சொன்னா. அஞ்சாவது நாள் டியூட்டி மாறி வந்த ஒரு மூத்த சிஸ்டர்தான், “ஏம்மா வெளியே உக்காந்திருக்கே? கை கழுவிட்டு வா, உன்ற புள்ளைதானே”ன்னு கூட்டிட்டுப் போனாங்க.

அவங்க செஞ்சது இரக்கத்துல மட்டும் செஞ்சது இல்ல, ஆதாரம் இருக்கற சிகிச்சை. 1970-கள் கடைசியில கொலம்பியா நாட்டோட பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தல. ஒரே இன்குபேட்டர்ல ரெண்டு மூணு குழந்தைங்க. எட்கர் ரேய், எக்டர் மார்ட்டினெஸ்ங்கற ரெண்டு டாக்டர்கள், குழந்தையைத் தாயோட நெஞ்சுல தோலோட தோல் படற மாதிரி கட்டி விட்டாங்க. கங்காரு தாய் பராமரிப்பு அப்படித்தான் வந்துச்சு. கிட்டத்தட்ட அதே காலத்துல எஸ்டோனியாவோட டாலின் நகரத்துல நர்ஸுங்க பத்தல. அடிக் லெவின்ங்கற டாக்டர், குழந்தையைப் பார்த்துக்கற வேலையை அம்மாக்கள் கையிலயே கொடுத்துட்டாங்க. ஒரு ஊர்ல மெஷின் இல்ல, இன்னொரு ஊர்ல ஆள் இல்ல. ரெண்டு ஊரும் வந்து சேர்ந்தது ஒரே ஆள்கிட்ட.

ஏழைங்களுக்கான மாற்று வழி இதுன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தாங்க. 2021-ல உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நாலு ஆப்பிரிக்க நாடுகளோட ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நடத்தினது. 1 கிலோவுல இருந்து 1.799 கிலோ வரைக்கும் உள்ள குழந்தைங்க. ஒரு பாதிக்கு, வழக்கம் போல நிலைமை சீரானதுக்கு அப்புறம் கங்காரு முறை. இன்னொரு பாதிக்கு, பிறந்த உடனேயே, அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளயே அம்மாவுக்கும் கட்டில் போட்டு. 28 நாளுக்குள்ள இறந்தவங்க முதல் பாதியில 15.7 சதவீதம், ரெண்டாவதுல 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வை முன்னாடியே நிறுத்திட்டாங்க. 2022-ல நிறுவனம் பரிந்துரையையே மாத்துச்சு: முதல்ல இன்குபேட்டர்ங்கறது போய், பிறந்ததுல இருந்தே தாயோட நெஞ்சு, ஒரு நாளைக்கு 8-ல இருந்து 24 மணி நேரம். நம்ம நாட்டுலயும் டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச முயற்சியைப் பார்த்து, குடும்பத்தையும் பராமரிப்புல சேர்க்கணும்னு 2017-ல மத்திய அரசு வழிகாட்டுதலே போட்டிருக்கு. அதனால உங்க வீட்டுக் குழந்தை உள்ள இருந்தா, “நாங்க எப்ப உள்ள வரலாம், கங்காரு எப்ப ஆரம்பிக்கலாம்?”னு கேளுங்க. அது தொந்தரவு கேள்வி இல்ல.

செய்முறை சுலபம். குழந்தைக்கு நாப்கின், குல்லா, சாக்ஸ் மட்டும். நெஞ்சுக்கு நடுவுல நிமிர்த்தி, கால் தவளை மாதிரி விரிச்சு, தலை ஒரு பக்கமா, மூக்கு அமுங்காம. மேல துணியால கட்டிடணும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அப்பாவும் செய்யலாம், அமுச்சியும் செய்யலாம். எங்க மாமா கட்டிங் மாஸ்டர். கம்பெனியில நாலு பேரை அதட்டி வேலை வாங்கற ஆளு. சிஸ்டருங்க முன்னாடி சட்டையைக் கழட்டச் சொன்னதும் வெக்கப்பட்டுட்டு பாத்ரூமுக்குப் போயிட்டார். ரெண்டாவது நாள் ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தார். மானிட்டர்ல 150-ஐத் தாண்டிக் குதிச்சுட்டு இருந்த இதயத்துடிப்பு மெல்ல மெல்ல இறங்கி ஒரே நிலையில நின்னதை நானே பார்த்தேன். அந்தக் கட்டுத் துணியைப் பார்த்து, “இதுல லைக்ரா கொஞ்சம் கூட இருக்கணும், சிங்கிள் ஜெர்சியில நானே வெட்டித் தர்றேன்”னார். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இங்க கிடக்குது.

அடுத்தது பால். இந்தக் குழந்தைங்களுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது, 34ஆவது வாரம் வாக்குலதான் அந்தத் தெம்பு வரும். அதுவரைக்கும் பீய்ச்சி எடுத்து ட்யூப் வழியா சொட்டுச் சொட்டா கொடுக்கணும். ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு தடவைக்கு மேல எடுத்தாத்தான் பால் வத்தாம இருக்கும். கவலையில இருக்கற, தையல் வலியில இருக்கற ஒருத்திகிட்ட “உனக்குப் பாலே இல்ல”ன்னு சொல்ல வர்ற சொந்தக்காரங்களை வாசல்லயே நிறுத்திடுங்க. முதல் வாரம் அக்காவுக்கு வந்தது சில மில்லிதான். 1.4 கிலோ குழந்தையோட வயித்துக்கு முதல் நாள் அதுவே நல்ல ஆரம்பம். மஞ்சளா வர்ற சீம்பாலைக் கெட்ட பால்னு ஊத்திடற வழக்கம் இன்னும் இருக்கு. அதுலதான் குடலைக் காப்பாத்தற சத்து எல்லாம்.

அப்படியும் பத்தலைன்னா பவுடர் பாலுக்கு முன்னாடி தாய்ப்பால் வங்கி இருக்கு. ஆசியாவுலயே முதல் வங்கி 1989-ல மும்பை சயான் ஆஸ்பத்திரியில டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினது. தானமா வர்ற பாலை 62.5 டிகிரியில 30 நிமிஷம் வெச்சு, சட்டுனு குளிர வெச்சு, மைனஸ் 20-ல உறைய வைப்பாங்க. கிருமி சாகணும், சத்து சாகக் கூடாது, அதுக்கு நடுவுல இருக்கற சூடு அது. நம்ம கொங்குப் பக்கம் ‘அமிர்தம்’ங்கற அமைப்பு தாய்மார்கள்கிட்ட இருந்து பாலை வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்க்கற வேலையைச் செஞ்சுட்டு வருது. 2025-ல பேட்மின்டன் வீராங்கனை ஜுவாலா கட்டா தாய்ப்பால் தானம் செஞ்ச செய்தி ரீல்ஸ்ல ஓடுச்சே, அதுலயும் இந்தப் பேரு வந்துச்சு.

ஒன்றரை ஷிஃப்ட் ஊர்ல

இவ்வளவும் படிச்சா ஒரு கேள்வி வரும். 8 மணி நேரம் நெஞ்சுல கட்டிட்டு உக்காரறது யாரால முடியும்? பீஸ் ரேட்ல ஓடற ஊர் இது. ஓவர்லாக்ல உக்காரலைன்னா சனிக்கிழமை கையில காசு இல்ல. உள்ளூர் பொண்ணுன்னா அம்மா வீடு இருக்கும், சோறு கொண்டு வர ஆள் இருக்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்களுக்கு லைன் வீட்டு ரூம் ஒண்ணு, புருஷன் ஒருத்தன். அவனும் லீவு போட்டா வாடகைக்கு வழி இல்ல. அந்த ஒடிசாப் பொண்ணு மதியத்துல சாப்பிடாமலே இருந்தது எங்களுக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அம்மாவுக்குச் சாப்பாடு, படுக்க இடம், கூட ஒரு ஆள். இது மூணும் இல்லாம கங்காரு முறை போஸ்டர்ல மட்டும்தான் இருக்கும்.

இருக்கற உரிமைங்களையாவது தெரிஞ்சு வெச்சுக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். 2011 ஜூன்ல தொடங்கின ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அது. முதல்ல 30 நாளுக்குன்னு இருந்தது, அப்புறம் ஒரு வயசு வரைக்கும் ஆச்சு. “1.2 கிலோ குழந்தைக்கு 12 லட்சம் தேவை”ன்னு உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்டு வந்தா, காசு அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு இதைச் சொன்னவங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துலயும் பச்சிளம் குழந்தை சிகிச்சை வரும்.

சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்கன்னா, முதல் ரெண்டு குழந்தைங்களுக்கு 26 வாரம் பேறுகாலப் பணம் உண்டு. முந்தின ரெண்டு சந்தா காலத்துல 70 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். குறைமாசப் பிரசவத்தால உடம்பு சரியில்லாமப் போனா டாக்டர் சான்றிதழோட இன்னும் ஒரு மாசம் கிடைக்கும். இந்தக் கடைசி வரி எங்க அக்காவுக்குத் தெரியாது, அவளோட சூப்பர்வைசருக்கும் தெரியாது. கான்ட்ராக்ட் ஆளுன்னு சொல்லி ஈ.எஸ்.ஐ.யே பிடிக்காத இடத்துல வேலை செய்யறவங்களுக்கு இது எதுவும் இல்ல. தனியார் கம்பெனியில அப்பாவுக்கு லீவு தரணும்னு சட்டமும் இல்ல. மாமா லீவைத் தன் சம்பளத்துல கழிச்சுக்கிட்டார். அவரால முடிஞ்சது. டையிங் பட்டறைக்காரரால முடியல.

நம்மளால என்ன முடியும்? ஒரு யோசனை. என்.ஐ.சி.யூ.வுல அம்மாக்கள்கிட்ட சொல்ல வேண்டிய வாக்கியம் இருபது இருந்தா அதிகம். “கண்ணைக் கட்டியிருக்கறது லைட்டுக்காக.” “பால் கொஞ்சமா வந்தாலும் கொண்டு வாங்க.” “கை கழுவிட்டு உள்ள வரலாம்.” இதை ஒடியா, ஹிந்தி, வங்காளம், அசாமியில ரெக்கார்டு பண்ணி ஒரு க்யூ.ஆர். கோடுக்குள்ள வைக்க நம்ம ஹாஸ்டல் ஆளுங்களே போதும். எந்த வாக்கியம் வேணும்னு டாக்டரும் சிஸ்டரும்தான் சொல்லணும், நாம இட்டுக்கட்டக் கூடாது. என்.எஸ்.எஸ்.ல பேச்சு எடுத்திருக்கோம். மொழி தெரிஞ்சவங்க, ஆடியோ எடிட்டிங் தெரிஞ்சவங்க எடிட்டர் குழுகிட்ட பேர் கொடுங்க.

பார்க்கப் போறீங்கன்னா, சளி இருந்தா போகாதீங்க. “ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது”ங்கற பேச்சை எடுக்காதீங்க, ஒவ்வொரு வாரம் கூடறப்பவும் பிழைக்கற வாய்ப்பு கூடத்தான் செய்யும். அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிட்டுப் போங்க. வீட்டுக்கு வந்த குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தொட்டாச் சில்லுன்னு இருந்தாலோ, நெஞ்சு உள்வாங்கி மூச்சு விட்டாலோ, துவண்டு கிடந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம 108.

அந்த ஒடிசாக் குழந்தை எங்களுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுச்சு. எங்க பாப்பா 27ஆவது நாள், 1,740 கிராம்ல வந்தா. அக்கா கம்பெனி சூப்பர்வைசர் ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருந்தார். சைடுல தையல் விட்டுப் போன ரிஜெக்ட் பீஸ், ‘டைனி பேபி’ சைஸ், அஞ்சு ராம்பர். அக்கா ராத்திரியே உக்காந்து தையலைச் சரி பண்ணினா. முப்பதாவது நாள் கண் டெஸ்ட்டுக்கு அதைப் போட்டுத்தான் கூட்டிட்டுப் போனோம். கை கொஞ்சம் நீளமா இருந்துச்சு, மடிச்சு விட்டா.